கோமதிநாயகத்துக்கு நான் வைத்த பிளக்ஸ்

யாருக்காவது ரசிகனாக இருப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நாம் அவருக்காக உயிரை விடுவோம். அவருக்கு நாம் இருப்பதே தெரியாது. அவர் பாட்டுக்கு நடிப்பார், பாடுவார், ஒருநாள் செத்தும் போவார். கடைசியில் நடுத்தெருவில் நிற்பது நாம்தான். நான் நின்றிருக்கிறேன். திண்டுக்கல் ரோட்டில், விளாங்குடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, எட்டடி உயரத்தில், கை கூப்பியபடி நின்றேன்.

மற்றவர்களுக்குப் பாட்டுக்கு ஒருவர், காமெடிக்கு ஒருவர், டிவிக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பிடித்திருக்கும். எனக்கு மூன்றுக்கும் ஒரே ஆள், ஏழரை மணி சீரியலில் வந்த கோமதிநாயகம். (அந்த நடிகரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.) சீரியலில் அவர் ஒரு பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை. அந்த வீட்டில் எல்லாரும் பாலில் விஷம் கலப்பதும் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதுமாக இருக்க, இவர் மட்டும் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிப் பழைய பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். தாளம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். எங்கேயோ இரண்டும் சேரும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். வீட்டில் எப்பேர்ப்பட்ட இடி விழுந்தாலும் கீழே இறங்கி வந்து ஒரே வசனம்தான் பேசுவார்: "இருக்கட்டும், முதல்ல சாப்பிடுவோம்."

அப்போது நான் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். ஏழரை மணிக்கு வரும் வாடிக்கையாளர்களை வெளியே நிற்கும் மாதிரிக் கற்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் கோமதிநாயகத்தைப் பார்ப்பேன். பெண் தேடும் படலம் வேறு நடந்துகொண்டிருந்தது. வந்த ஜாதகம் எல்லாம் எதிலாவது இடித்தது. ஜாதகம் இடிக்காத இடத்தில் என் சம்பளம் இடித்தது. நான் இடிக்காத இடம் என்று ஊரில் ஒன்றுமே இல்லை என்று அம்மா அழ ஆரம்பித்த சமயத்தில்தான் வாடிப்பட்டிச் சம்பந்தம் வந்தது.

பெண் பெயர் தேன்மொழி. நாங்கள் பார்க்கப் போனபோது, தனியாகப் பேச ஐந்து நிமிடம் விட்டார்கள். கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை மரத்தடியில் நின்றோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏழரை மணி சீரியல் பாப்பீங்களா?"

"பாப்பேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"அப்ப கோமதிநாயகம்?"

"எனக்கு அவருன்னா உசுருங்க."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் கழுத்தைச் சாய்த்து, அந்த ஆள் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு, "இருக்கட்டும், முதல்ல சாப்பிடுவோம்" என்றாள். நான் அங்கேயே முடிந்தேன். அந்த முருங்கை மரத்தடியிலேயே தாலி கட்டச் சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக முடிவானது. வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கைநனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. நான் தரையில் நடக்கவில்லை. வியாழக்கிழமை மாலை சீரியலில் கோமதிநாயகத்தின் மேல் லாரி ஏறியது.

(உண்மையில் நடந்தது என்னவென்றால், அந்த நடிகருக்கு வேறு சேனலில் வேலை கிடைத்திருக்கிறது. சீரியலில் இருந்து போகிறவர்கள் பஸ் ஏறிப் போவதில்லை. லாரிதான் அவர்கள் மேல் ஏறும்.)

நான் டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மறுநாள் காலையில் என் நண்பன் பாண்டியிடம் போய் நின்றேன். பாண்டி விளாங்குடியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் பிறந்தாலும் பிளக்ஸ், காது குத்தினாலும் பிளக்ஸ், செத்தாலும் பிளக்ஸ். செத்தவருக்குப் பிளக்ஸ் வைக்காத குடும்பத்தை அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அப்படியிருக்க, கோமதிநாயகத்துக்கு யார் இருக்கிறார்கள்? சீரியலில் அவருக்குப் பொண்டாட்டி பிள்ளைகூடக் கிடையாது.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி அந்த ரோட்டில்தான் வருவாள். பிளக்ஸைப் பார்ப்பாள். 'இப்படி ஒரு மனசா!' என்று உருகிப்போவாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் மட்டும்தான் வருவார்கள், பெண்ணை அழைத்து வரமாட்டார்கள் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். எனக்கு மட்டும் அன்று அது மறந்துபோனது.

பாண்டி கோமதிநாயகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். டிவியிலிருந்து எடுத்த படம். முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக எங்கள் கடை டைல்ஸ் மாதிரித் தெரிந்தது.

"மாப்ள, ஆளு உடைஞ்சு போறாரு."

"பரவால்லடா, மனசுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"ஒன் போட்டோ ஒன்னு நல்லதாக் குடு. பக்கத்துல அதே சைஸுல போட்டாத்தான் யாரு வச்சதுன்னு தெரியும். இம்புட்டுச் செய்யுற, ஒம் மூஞ்சி சின்னதா இருந்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது என்றுதான் எனக்கும் பட்டது. கல்யாணத் தரகருக்குக் கொடுக்க ஸ்டுடியோவில் எடுத்த படத்தை அனுப்பினேன். பாண்டி அதில் தலையை மட்டும் வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக் கை கூப்பி நிற்கும் யாரோ ஒருவருடைய உடம்பில் பொருத்தினான். நாலு பக்கமும் ரோஜா, ஒரு மெழுகுவர்த்தி, பறக்கும் புறா. மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இடதுபக்கம் உடைந்துபோன கோமதிநாயகம், அவர் பெயர். வலதுபக்கம் பளிச்சென்று நான், தவமணி. என் தலைக்கு மேல், 'எங்களை விட்டு எங்கே சென்றாய்?' எனக்கு அடியில், 'இருக்கட்டும், முதல்ல சாப்பிடுவோம் என்று இனி யார் சொல்வார்?'

"அஞ்சு வருசத்துக்குக் கலர் போகாது மாப்ள" என்றான் பாண்டி. சனிக்கிழமை காலையில், வாடிப்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் கண்ணில் நேராகப் படும்படி கட்டிவிட்டு வந்தோம்.

அன்று மாலை யாரோ ஒரு குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளின் காதணி விழா பிளக்ஸைக் கொண்டுவந்து, இடம் இல்லாததால் எங்கள் பிளக்ஸின் இடதுபக்கத்தை மறைத்துக் கட்டிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் இடம் பிடிப்பது அப்படித்தான். ஆனால் கோமதிநாயகம் படத்தோடும் பெயரோடும் உள்ளே போய்விட்டார். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடே கேசரி வாசனையில் மிதந்தது. அப்பா வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போன் உள்ளே சார்ஜில் கிடந்து அலறியதை யாரும் கவனிக்கவில்லை. அழைத்தவர் தேன்மொழியின் அப்பா. வேன் விளாங்குடி நிறுத்தத்தில் நின்றிருக்கிறது. வேனுக்குள் ஏழெட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்து அலறியிருக்கிறார்கள். (அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்ததும் அதே ஸ்டுடியோ படம்தானே.) எங்கள் வீட்டில் போனை எடுக்கவில்லை என்றதும், செத்த வீட்டில் யார் போனை எடுப்பார்கள் என்று அவர்களே முடிவு கட்டியிருக்கிறார்கள். பேச்சு எடுத்துவிட்ட வீடு, பாதி வழியில் திரும்பினால் மரியாதை இல்லை. பழத்தட்டுகளை வேனிலேயே வைத்துவிட்டு, நிறுத்தத்துப் பூக்கடையில் பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பி வந்தார்கள். எங்கள் தெருவில் திரும்பியதும் கண்ணில் பட்டது வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு எங்கே இடம்?

தேன்மொழியின் பெரியம்மா வேனிலிருந்து இறங்கும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி அழுதுகொண்டு வந்தால் மற்றவள் முதலில் கட்டிப்பிடித்து அழுதுவிடுவாள். யாருக்கு என்ன ஆனது என்பதை அப்புறம் கேட்டுக்கொள்வாள். அம்மா கேசரிக் கரண்டியோடு ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து தெருவே திரும்பிப் பார்க்க அழுதார்கள்.

"மாப்பிள்ளைன்னு வாய் நிறையக் கூப்பிடுறதுக்குள்ள போயிட்டியே ராசா!" என்றார் பெரியம்மா.

"போயிட்டியே ராசா!" என்று அம்மாவும் எடுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் லேசாக இடித்திருக்கிறது. அழுகையை நிறுத்தாமலே, "யாரு மதினி?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் அறையை விட்டு வெளியே வந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. மாப்பிள்ளைக் களைக்காக முகத்தில் பவுடரை வேறு அள்ளிப் பூசியிருந்தேன். அழுகுரல் கேட்டு, அவர்கள் வீட்டில்தான் ஏதோ துக்கம் என்று நினைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, கையைக் கூப்பி வாசலில் நின்றேன். பிளக்ஸில் எப்படி நின்றேனோ அதே மாதிரி.

பெரியம்மா என்னைப் பார்த்தார். ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் அவ்வப்போது கனவில் கேட்கிறேன். கேசரிக் கரண்டி, அம்மா, நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மயங்கி விழுந்தார். சோடா வந்தது, விசிறி வந்தது, பாதித் தெரு வந்தது. தேன்மொழியின் அப்பா மட்டும் கையில் மாலையோடு அசையாமல் நின்றார். விஷயம் வெளியே வந்த பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப செத்தது யாரு தம்பி?"

"கோமதிநாயகம்ங்க."

"ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"ஒறவெல்லாம் இல்லைங்க. ஏழரை மணி சீரியல்ல வருவாரு."

"எங்க வீட்டுல பெரியவுக அந்தச் சேனல் பாக்குறதில்ல. நடிச்சவரு செத்துட்டாரா?"

"இல்லைங்க. நல்லா இருக்காரு. வேற சேனலுக்குப் போயிட்டாரு."

அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாகாத ஆளுக்கு, சாகாத நீங்க, கண்ணீர் அஞ்சலி வச்சிருக்கீக" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருக்கலாம்.

அப்போதுதான் என் வாய் எனக்குத் தெரியாமல் திறந்தது.

"இருக்கட்டும்ங்க. முதல்ல சாப்பிடுவோம்."

தேன்மொழி அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் ஒருத்தி சிரித்திருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். அவள் அங்கே இல்லை.

"மாலையோட வந்த வாசலுக்குத் தட்டோட எப்படி வாரது தம்பி? மனசுக்கு ஒப்பல. நாங்க வாரோம்" என்றார் அவர். துக்க வீட்டில் போய் வாரோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதையாவது சொன்னாரே என்று அப்பா பிற்பாடு ஆறுதல் பட்டுக்கொண்டார். மாலையைத் திரும்ப வேனில் ஏற்ற முடியாது. எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அதை வைத்துவிட்டுப் போனார்கள். மதியம் ஒரு மாடு வந்து தின்றது. கேசரியை நாங்கள் தின்றோம். அவ்வளவு துக்கமான கேசரியை நான் அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'நான் வந்திருந்தா வேனை நிறுத்திச் சொல்லியிருப்பேன். எங்கப்பா சகுனம் பாப்பாரு. பிளக்ஸ் நல்லா இருந்துச்சாம்.' அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பவே இல்லை.

அடுத்த தை மாதம் அவளுக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம் ஆனது. அதற்கு முந்தின வாரம்தான் கோமதிநாயகம் திரும்பி வந்தார். புதுச் சேனலில் ஒத்துவரவில்லையாம். தலையில் ஒரு கட்டோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து வாளியைத் தட்டினார். லாரி ஏறியதற்கு அடையாளமாக அந்தக் கட்டு ஒன்றுதான். நான் டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வாடிப்பட்டியில் அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. போனை அணைத்துவிட்டு எழுந்து போய், ஒருவருக்குக் குளியலறைக் கல் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தச் சீரியலைப் பார்க்கவில்லை.

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தொட்டு வாடிப்பட்டி வரைக்கும் எனக்குப் பெண் கொடுக்க ஒருவரும் இல்லை. கடைசியில் ஊருக்கு அந்தப் பக்கம், அந்தப் பிளக்ஸைப் பார்த்திராத திருவாதவூரில்தான் பெண் எடுத்தோம். கல்யாணமான மூன்றாம் நாளே என் தம்பி முறைக்காரர்கள் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். முருங்கை மரத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது.

ரோட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அந்தப் பிளக்ஸை அம்மா தூக்கிப் போடவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அமரர்'. ஒவ்வொரு கோடையிலும் மாடியில் விரித்து அதன்மேல் மோர்மிளகாய் காயப் போடுகிறார்கள். பின்பக்கம் அழுக்காம், மூஞ்சிப் பக்கம்தான் வழுவழுவென்று இருக்கிறதாம். பாண்டி சொன்னது பொய்யில்லை, கலர் அப்படியே இருக்கிறது. இடதுபக்கம்தான் கிழிந்துபோய்விட்டது.

நான் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடியில் போய் உட்கார்ந்தால், என் மனைவி படியில் நின்று, பிளக்ஸில் மிச்சமிருக்கும் எழுத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அமரரே, இருக்கட்டும். முதல்ல சாப்பிடுவோம்."

கீழே அம்மாவும் அப்பாவும் சிரிப்பது கேட்கும். அவள் கழுத்தைச் சாய்த்துச் சொல்வதில்லை. நானும் அப்படிச் சொல்லிக் காட்டச் சொன்னதில்லை. எழுந்து, மிளகாயை மிதிக்காமல் என் முகத்தைச் சுற்றிக்கொண்டு, சாப்பிடப் போகிறேன்.