விசில்காரரின் குற்றப் பதிவேடு

காஞ்சிபுரத்தில் எங்கள் பூங்காப் புல்லை மிதித்துவிட்டு விசில்காரரிடமிருந்து தப்பித்த ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. எறும்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் பூங்காக் காவலாளி. அதற்கு முன் பட்டுக்கடையில் இருபது வருடம் சேலை விரித்துக் காட்டியவர். பெஞ்சில் படுத்தால் விசில், பூவைத் தொட்டால் விசில், சத்தமாகச் சிரித்தால் அதற்கும் விசில். எனக்கு ஒருமுறை தும்மல் வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவே திரும்பிப் போய்விட்டது. ஆனால் பத்து நாளாக அவர் விசில் ஊதவில்லை. வாயாலேயே "பீ...ப்!" என்று கத்திக்கொண்டிருந்தார். கேட்டால், "ரிப்பேருபா" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் குளத்தோரப் புதரை வெட்டி, செல்ஃபி மேடை கட்டப்போவதாகத் தகவல் வந்தது. பூங்காவில் நடக்க வரும் விலங்கியல் டீச்சர் ஒருவர் அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டார். "பறவை, பூச்சி, ஓணான் எல்லாம் சேர்த்து ஐம்பது வகை காட்டுங்க, புதரைத் தொடமாட்டோம்" என்றார் அதிகாரி. ஞாயிறு காலை ஆறிலிருந்து பத்து வரை பொதுமக்கள் கணக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

நாற்பது பேர் செல்போனும் கையுமாக வந்தோம். மரத்தடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால், பின்னாலிருந்து "பீ...ப்! புல்லு மேல ஏறாத!" மரம் காலி. அடுத்த மரத்துக்குப் போனால் அங்கேயும் "பீ...ப்!" எட்டு மணிக்கு முப்பது வகைதான் தேறியிருந்தது. டீச்சர் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அண்ணே, வாயை மூடுங்க! உங்களாலதான் புதரே போகப்போகுது!"

விசில்காரர் முகம் செத்துவிட்டது. "இன்னாபா சொல்ற? கணக்கெடுத்து, எல்லாத்தியும் புடிச்சிக்கினு போவப்போறீங்கன்னுல்ல தொரத்திக்கினு இருந்தேன்!"

அட பாவி மனுஷா! ஓடினார். தன் அறையிலிருந்து தடிமனான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினார். பூங்காவில் விதிமீறியவர்களின் குற்றப் பதிவேடு. மனிதர்கள் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டார்கள். மீதி முழுக்க மற்றவர்கள், பட்டுச்சேலைக்கு அடையாளம் சொல்கிற பாணியில்.

'காலை 8.10. உடம்பு ஆனந்தா நீலம், தலைப்பு காப்பிக்கொட்டை, மார்பு வெள்ளை. குளத்தில் மீன் திருட்டு. தினமும் வருகிறான்.'

'8.30. கறுப்பு உடம்பு, அரக்குப் புட்டா, இறக்கை நாலு. பூவைத் தொடுதல்.'

'8.45. பச்சை உடம்பு, அரக்கு மூக்கு. ஜோடி. பெஞ்சின் மேலேயே அநாகரிகம். எச்சரித்து அனுப்பப்பட்டது.'

"மீன்கொத்தி, பட்டாம்பூச்சி, கிளி!" என்று டீச்சர் கூவினார். விசில்காரர் வாயில் விரல் வைத்து அவரையே அடக்கினார். அதன்பிறகு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால். நோட்டில் போட்ட நேரத்துக்கு, போட்ட இடத்தில், குற்றவாளிகள் ஒவ்வொருவராக ஆஜர் ஆனார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஐம்பது! கைதட்டக்கூட பயந்து, எல்லோரும் காற்றில் கையை ஆட்டினோம்.

பட்டியலைச் சரிபார்த்த டீச்சர் தலையில் கைவைத்தார். "அண்ணா, இந்தக் கறுப்பு பிளெயினும், காப்பி உடம்புல வெள்ளைப் புட்டா போட்டதும் ரெண்டு இல்ல. ரெண்டும் குயில்தான். ஆணும் பொண்ணும்."

"இன்னாமா அநியாயம்! உடம்பு வேற, புட்டா வேற. கடையில ரெண்டையும் ஒரே சரக்குன்னு சொன்னா மொதலாளி உட்ருவாரா?"

நாற்பத்தொன்பது. பத்து நிமிடம் பாக்கி. கல்லைப் புரட்டினோம், இலையைத் திருப்பினோம். கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே எழுதியவைதான். விசில்காரர் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி அறைக்குப் போய், உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார்.

அவருடைய விசில். அதன் துவாரத்தை மண்ணால் மெழுகி அடைத்திருந்தது ஒரு குளவி.

"ஆணியில மாட்டியிருந்தேன். கூடு கட்டிடுச்சி" என்றார், திருடி அகப்பட்டவர் மாதிரி. "கலைக்கக் கூடாதும்பாங்கல்ல? வாலாஜாபாத்துல எம் பொண்ணு முழுகாம இருக்குறாபா. எட்டு வருசம் கயிச்சி."

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விஞ்ஞானம் படித்த டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ஐம்பது: குளவி' என்று எழுதினார்.

புதர் பிழைத்தது. குளவிக்குஞ்சு மண்ணைத் துளைத்துக்கொண்டு பறந்துபோயிற்று. வாலாஜாபாத்தில் பெண் குழந்தை பிறந்தது.

அன்று அவர் ஒரு கையில் லட்டும் இன்னொரு கையில் கழுவித் துடைத்த விசிலுமாக வந்தார். லட்டை என் வாயில் திணித்தார். குனிந்து என் காலைப் பார்த்தார். உடனே காது கிழிய விசில் அடித்து, "புல்லு மேல நின்னுக்கினு துன்னாத!" என்றார்.

அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் புல்லிலேயே நின்றேன்.