ஓடிப்போகும் புழுக்கள்

லா சப்பல் தமிழ் இளையோர் மன்றத்தின் சுவரில் புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன.

கீர்த்தனன் குனிந்து பார்த்தான். காய்கறித் தோலைத் தின்று உரமாக்க வேண்டிய சிவப்புப் புழுக்கள், பெட்டிக்குள் இருக்கப் பிடிக்காமல் வரிசையாக வெளியேறின. அவன் வேலை செய்யும் கல்லூரி, சுற்றாடல் கல்விக்காக மூன்று இடங்களுக்கு ஒரே மாதிரிப் பெட்டி கொடுத்திருந்தது. மார்க்ஸ் டோர்மோய் பள்ளிக்கூடத்திலும் ஸ்டாலின்கிராட் இளைஞர் சங்கத்திலும் புழுக்கள் கொழுத்துப் பெருகின. இங்கே மட்டும்தான் ஓட்டம்.

"எங்கட ஆக்களோட இருக்கப் புழுவுக்கும் விருப்பமில்லைப் போல, அண்ணா," என்றாள் மன்றத்துச் சாம்பவி.

"பகிடி விடாதை பிள்ளை. வெள்ளிக்கிழமை மதாம் ஜிஸ்லேன் வாறா."

ஜிஸ்லேன்தான் கல்லூரியில் திட்டத்துக்குப் பொறுப்பு. தயங்கிய அவரிடம் மன்றாடி மன்றத்தைச் சேர்த்தவன் கீர்த்தனன். வெள்ளிக்கிழமை பெட்டியில் புழு இல்லையென்றால் திட்டத்தில் மன்றமும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

புழுவுக்கு மூக்குக் கிடையாது. ஈரமான தோலால்தான் மூச்சு விடும். அப்படியானால் பெட்டி காய்ந்திருக்கும் என்று தண்ணீர் தெளித்தான். செவ்வாய்க்கிழமை அவை ஜன்னல் வரை ஏறியிருந்தன.

புளிப்பு மிஞ்சினாலும் ஓடும். புளிப்பை முறிக்க முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினான். புதன்கிழமை பாதிப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

பசியாக இருக்குமோ? மன்றத்துக்குத் தினமும் காய்கறித் தோல் அனுப்பும் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினான்.

"இராஜதுரை அண்ணை, தோல் இன்னும் கூடத் தாங்கோ. ஊத்தை இல்லாமல், நல்லதாப் பார்த்து."

முதலாளி சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "மரியநாயகி அக்கா! கல்லூரிக்காரர் குறை சொல்லுகினம்!"

அன்றே இரண்டு வாளி வந்தது. அப்படியே கொட்டினான். வியாழக்கிழமை காலை உயிரோடு ஏழு புழுக்கள்.

"ஸ்டாலின்கிராட்டில கொஞ்சம் இரவல் கேப்பமே?" என்றாள் சாம்பவி.

"இஞ்சை சாகிறதுக்கோ?"

கீர்த்தனன் வெறும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். மன்றத்தை நீக்கிவிடும்படி ஜிஸ்லேனுக்கு அவனே எழுதி அனுப்பினான்.

அப்போதுதான் சமையல்கார மரியநாயகி மூச்சிரைக்க மூன்றாவது வாளியோடு வந்தார்.

"இந்தாங்கோ தம்பி. இனி ஒருத்தரும் குறை சொல்லேலாது. இண்டைக்கு ரெண்டு தரம் ஊறவைச்சனான்."

"எதிலை அக்கா?"

"உப்பும் மஞ்சளும் கரைச்ச தண்ணியிலை. முதல் நாளிலையிருந்து அப்பிடித்தானே அனுப்பிறன். நீங்கள் ஊத்தை எண்ட பிறகு உப்பை இன்னும் அள்ளிப் போட்டன்."

புழுவின் ஈரத் தோலில் உப்புப் பட்டால் உடம்பின் நீரையெல்லாம் இழுத்துவிடும். அவன் தெளித்த தண்ணீர் அந்த உப்பைப் பெட்டி முழுக்கப் பரப்பியிருந்தது.

"அக்கா," என்றான் ஈனக் குரலில், "அது புழுவுக்குச் சாப்பாடு."

மரியநாயகி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"புழுவுக்கோ? வாழைக்காய்த் தோலிலை சம்பல் போடப் பிள்ளையளுக்குப் பழக்கிறியள் எண்டெல்லே நினைச்சன்! முதலே சொல்லியிருந்தால் கழுவாமல் தந்திருப்பனே!"