தாசில்தார் கொண்டு வந்த ஜூஸ்

வைகாசியில ஒரு நாள் எனக்கு இருந்த வேலை ரொம்ப சிம்பிள். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், தலையில நாத்துக்கட்டோட அசையாம நிக்கணும்.

பேசக்கூடாது. சாப்பிடக்கூடாது. யார் என்ன செஞ்சாலும் ஏத்துக்கணும். இதுக்குப் பேரு பர்ஃபாமன்ஸ் ஆர்ட்.

எங்கம்மா முப்பது வருஷம் நடவு நட்டவங்க. அதுக்கு ஒரு மரியாதைன்னு அவங்ககிட்ட சொன்னேன். "நிக்கிற நேரத்துக்கு நாலு முடி நாத்து நட்டிருக்கலாம்"னாங்க.

இடம், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ரோட்டோரத் தரிசு. வெளிச்சம் நல்லா இருந்துச்சு. வேற காரணமே இல்ல.

போட்டோ எடுக்க வந்த சரவணன்கிட்ட கறாரா சொல்லி வச்சிருந்தேன். "யார் கேட்டாலும் விளக்கம் சொல்லாத. பாக்குறவங்களே அர்த்தம் கண்டுபிடிக்கட்டும்."

கண்டுபிடிச்சாங்க.

ஏழரை மணிக்குத் தரிசுக்கு எதிர்த்தெருவுலேருந்து ஒரு அக்கா வந்தாங்க; பேரு மல்லிகான்னு அப்புறம் தெரிஞ்சுது. என்னை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாங்க. "எல்லாரும் வாங்க. நம்ம மனைப்பட்டாவுக்காக ஒரு பொண்ணு உண்ணாவிரதம் இருக்கு!"

அந்தத் தரிசுல வீட்டுமனை கேட்டு நாப்பது குடும்பம் வருஷக்கணக்கா மனு கொடுத்துட்டிருக்காங்களாம். நான் வாயைத் திறக்க முடியாது. சரவணனைப் பாத்தேன். பாவி, விசுவாசமா வாயை மூடிட்டு நின்னான்.

ஒன்பது மணிக்குப் பந்தல் போட்டாங்க. பேசுறவங்களுக்குத்தான், எனக்கில்ல. உண்ணாவிரதம்னா வெயில்ல இருந்தாத்தான் எடுபடுமாம்.

பதினொரு மணிக்கு ரெண்டு கட்சிக்காரங்களும் வந்து ஆளுக்கொரு பக்கம் கொடி நட்டு, ஆளுக்கொரு பொன்னாடை போத்தினாங்க. விவசாய சங்கத்துக்காரர் மூணாவது போத்தினார்.

நாத்துலேருந்து சேத்துத்தண்ணி கண்ணுக்குள்ள வடிஞ்சுது. "பாருங்க, நமக்காக அழுவுது"ன்னு மைக்ல சொன்னாங்க. மல்லிகா அக்கா முந்தானையால என் முகத்தைத் துடைச்சு விட்டாங்க. அப்பதான் எனக்கு நெசமாவே வெக்கமா இருந்துச்சு.

ரெண்டு மணிக்குத் தாசில்தார் ஜூஸோட வந்தார்.

"பரிசீலிக்கிறோம்மா. குடிங்க."

நான் அசையல.

"மேலிடத்துக்கு அனுப்புறேன்."

அசையல.

"ஒரு மாசத்துல அளந்து கொடுத்துடுறேன்."

அசையல. கலைன்னா கலைதானே.

அவர் கழுத்தைத் துடைச்சுக்கிட்டார். "இவ்வளவு பிடிவாதம் நான் பாத்ததில்ல"ன்னு சொல்லி, பேப்பர் வாங்கி, அதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சார். ஆனா கையிலயே வச்சுக்கிட்டார். "இவங்க ஜூஸைக் குடிக்கட்டும். அப்புறம்தான் தருவேன்."

இன்னும் நாலு மணி நேரம் பாக்கி. இதுக்காக ஒரு வருஷம் பயிற்சி எடுத்திருந்தேன்.

மல்லிகா அக்கா என் காதுகிட்ட வந்தாங்க. "நீ யாரு, எவருன்னு தெரியாது தாயி. இந்த ஆளு கிளம்பிட்டா அடுத்து எப்ப வருவாருன்னும் தெரியாது. குடிச்சிரு."

டம்ளரை என் உதட்டுக்கிட்ட கொண்டு வந்தாங்க.

குடிச்சேன். அடுத்த மாசமே நாப்பது குடும்பத்துக்கும் பட்டா வந்துடுச்சு. என் நோட்டுல 'நிகழ்வு தோல்வி'ன்னு எழுதி வச்சிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊர்க்காரங்க ஆறு பேர் வீட்டுக்கு வந்தாங்க. அவங்க வாய்க்காலைத் தூர்வாரணுமாம், நான் வந்து நிக்கணுமாம்.

இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லிடலாம்னு, கலைன்னா என்ன, உடம்புன்னா என்ன, பார்வையாளர்னா யாருன்னு அரை மணி நேரம் விளக்கினேன்.

அவங்கள்ல பெரியவர் பொறுமையா கேட்டுட்டு எந்திரிச்சார்.

"அங்க வந்து இப்படிப் பேசிடாதீங்கம்மா. காரியம் கெட்டுடும்."