கடமானிடம் கையெழுத்துக் கேட்ட முயல்

ஒரு காட்டில் புல் இருந்தது, தண்ணீர் இருந்தது, நிழல் இருந்தது. இவ்வளவு இருந்தும் அங்கே குடியிருந்த மிருகங்களுக்குப் பொழுது போகவில்லை. ஆகவே ஒரு கபடிக் குழு ஆரம்பித்தார்கள். ஆடத் தெரிந்த சிலர் ஆடினார்கள். மற்ற அத்தனை பேரும் ரசிகர்கள் ஆனார்கள். ரசிகராக எந்தத் தகுதியும் வேண்டாம் என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டி கடுமையாக இருந்தது.

குழுவின் நட்சத்திரம் இளமாறன் என்ற கடமான். ரெய்டு போவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிரணிக்காரர்கள் பின்னால் வந்து மடக்கப் பார்க்கும் நேரத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னங்காலை ஒரு வீசு வீசுவான். தொட்டால் புள்ளி, பலமாகப் பட்டால் வைத்தியம். கூட்டம் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தும்.

அதே குழுவில் பொன்னுரங்கம் என்று ஓர் உடும்பும் ஆடினார். பிடிப்பது அவர் வேலை. உடும்புப்பிடி என்கிறார்களே, அது அவர் பரம்பரைச் சொத்து. ரெய்டு வந்தவனின் கணுக்காலை அவர் பிடித்துவிட்டால், அவன் நடுக்கோட்டை ஏக்கத்தோடு பார்த்தபடி மூச்சை விட்டுவிட வேண்டியதுதான். குழு ஜெயித்த ஆட்டங்களில் பாதி அவர் பிடித்துக் கொடுத்தவை. ஆனால் பிடிப்பதைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை. உதைப்பதில் உள்ள அழகு பிடிப்பதில் ஏது?

அந்தக் காட்டில் ஏகாம்பரம் என்றொரு முயல் இருந்தான். இளமாறன் மேல் அவனுக்குப் பைத்தியம். இளமாறனுக்குச் சளி பிடித்தால் இவன் தும்முவான். வளைக்குள் நடக்கும்போதும் இளமாறன் போலவே பின்னங்காலை வீசி நடந்து, மனைவி பூரணி தண்ணீர் பிடித்துவைத்த சுரைக்குடுக்கைகளை எல்லாம் உடைத்திருந்தான்.

ஆட்டம் நடக்கும் நாளன்று ஏகாம்பரம் விடிந்ததுமே போய் ஒரு தேக்கங்கொழுந்து பறித்து வந்தான். தேக்கின் இளம் இலையை நகத்தால் கீறினால் சிவப்பாகச் சாயம் ஊறும். காட்டில் கையெழுத்து வாங்க அதுதான் தாள்.

“இன்னைக்கு எப்படியும் அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிடுவேன்” என்றான்.

“வாங்கி என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டாள் பூரணி.

ஏகாம்பரம் கொஞ்சம் யோசித்தான். “வெச்சிருப்பேன்” என்றான்.

ஆட்டம் முடிந்தது. இளமாறன் உதைத்ததில் பாதிப் புள்ளியும் பொன்னுரங்கம் பிடித்ததில் மீதிப் புள்ளியும் வந்து, குழு ஜெயித்தது. ரசிகர்கள் மைதானத்தின் பின்வாசலில் போய் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். காவலுக்கு நின்ற செந்நாய்கள் உறுமின. ஏகாம்பரம் நாலு பேர் காலுக்கடியில் புகுந்து முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

முதலில் வெளியே வந்தவர் பொன்னுரங்கம். வந்தவர் நேரே போகாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குனிந்து ஏகாம்பரத்தைப் பார்த்து, “தம்பி, பேரு என்ன?” என்றார்.

ஏகாம்பரம் அவர் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்துக்கொண்டே, “ஏகாம்பரம். கொஞ்சம் மறைக்காதீங்க” என்றான்.

“நல்ல பேரு. ரொம்ப நேரமா நிக்கிறியா? ஏதாவது சாப்ட்டியா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம், சௌக்கியம்.”

ஏகாம்பரத்தின் பேச்சு இங்கே இருந்ததே தவிர கண் உள்ளே இருந்தது. அந்தச் சமயத்தில் பொன்னுரங்கம் அவன் கையில் இருந்த இலையை மெதுவாக வாங்கி, நகத்தால் நிதானமாக எழுத ஆரம்பித்துவிட்டார். ‘அன்புத் தம்பி ஏகாம்பரத்துக்கு. குடும்பத்தோடு நல்லா இரு. பொன்னுரங்கம்’ என்று இலை நிறைய எழுதி, அடியில் ஒரு பூவும் போட்டு, திருப்பிக் கொடுத்தார்.

இலையைப் பார்த்த ஏகாம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது.

“அடப்பாவி, இருந்தது ஒரு இலை!” என்றான்.

அழித்துப் பார்த்தான். தேக்கின் சாயம் சாமானியத்தில் போகுமா? எச்சில் தொட்டுத் தேய்த்ததில் உள்ளங்கைதான் சிவந்தது. பக்கத்தில் நின்ற கீரி, “இவரு எல்லாருக்கும் போட்டுக் குடுப்பாருப்பா. எங்க வீட்ல அதை மெத்தைக்கு அடியில போட்டிருக்கோம்” என்று ஆறுதல் சொன்னது.

அப்போது இளமாறன் வெளியே வந்தான். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண் கைப்பேசியில் இருந்தது. “அண்ணே! அண்ணே!” என்று கூட்டம் அலறியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. ஒரு குட்டிக் காட்டுப்பூனையின் இலையை மிதித்துக்கொண்டு போனான். “அண்ணன் என் இலையை மிதிச்சிட்டாரு!” என்று அது ஆனந்தக் கூத்தாடியது.

ஏகாம்பரம் செந்நாய்களின் கால்களுக்கு நடுவே பாய்ந்து இளமாறனின் பின்னால் ஓடினான்.

“அண்ணே, இலை இல்லண்ணே! பரவால்லண்ணே, காதுல போடுங்கண்ணே! சின்னதா ஒரு கீறல் போதும்ணே!”

பின்னால் ஏதோ நெருங்குவது இளமாறனின் உடம்புக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டு பழகிய உடம்பு. திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னங்காலை ஒரு வீசு வீசினான்.

ஏகாம்பரம் அந்தரத்தில் பறந்துபோய்ப் புதரில் விழுந்தான். முன்பல் இரண்டும் வெளியே வந்துவிட்டன. இளமாறன் வண்டியில் ஏறிக்கொண்டான்.

ஓடிவந்து தூக்கியவர் பொன்னுரங்கம். முயலை முதுகில் போட்டுக்கொண்டு, வைத்தியம் பார்க்கும் முள்ளம்பன்றியின் வளை வரை நடந்தே போனார். மருந்து வைத்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அதற்குள் குழுவின் வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது.

“தம்பி, வலிக்குதா?” என்று கேட்டார்.

ஏகாம்பரம் ரத்த வாயோடு சிரித்தான். “அண்ணன் என்னைத் தொட்டுட்டாரு” என்றான். பிறகு, உடும்பு எழுதிக் கொடுத்த இலையில் அந்த இரண்டு பல்லையும் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவனைப் பார்த்துப் பூரணி தலையில் அடித்துக்கொண்டாள். முன்பல் இல்லாத முயல் எதைக் கடிக்கும், எதைத் தின்னும்? அன்றிலிருந்து புல்லையும் கிழங்கையும் அவள் மென்று கொடுத்தாள், அவன் விழுங்கினான்.

ஆனால் அவனுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட நேரமில்லை. செய்தி பரவிவிட்டது. காட்டின் நாலு மூலையிலிருந்தும் ரசிகர்கள் ஏகாம்பரத்தின் வாயைப் பார்க்க வந்தார்கள். அவன் ஈறைக் காட்டினான். “எந்தக் காலால உதைச்சாரு?” என்று கேட்டார்கள். “வலது” என்றான். “ஆகா!” என்றார்கள். ஒரு கிழ மான், விழுந்த பல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பல ஆண்டுகளாக இளமாறன் வாசலில் காத்துக்கிடந்த ஒரு நரி, “எனக்கெல்லாம் ஒரு முறைகூட இப்படி வாய்க்கலையே” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனது.

பூரணிக்குப் பொறுக்கவில்லை. கபடிக் கழகத்தில் போய்ப் புகார் கொடுத்தாள். கழகத்தின் தலைவர் ஒரு கரடி. அவர் ஒருநாளும் கபடி ஆடியவரில்லை, அதனால்தான் தலைவர். விசாரணைக்கு நாள் குறித்தார்.

அதற்கு முந்தின நாள் இளமாறனின் மேனேஜர் ஓணான் ஏகாம்பரத்தைத் தேடி வந்தது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பது அதன் வழக்கம்.

“ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல” என்றது ஓணான். “தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. நீங்க பின்னால வந்ததையே அவரு பாக்கல. வேணும்னு உதைச்சார்னு ஆயிட்டா இந்த வருஷம் முழுக்க ஆட விடமாட்டாங்க.”

ஏகாம்பரத்தின் முகம் சுருங்கிவிட்டது. “பாக்கவே இல்லையா?”

“இல்ல.”

“அப்ப, என்னைன்னு தெரிஞ்சு உதைக்கலையா?”

“நீங்க யாருன்னே அவருக்குத் தெரியாதுங்க” என்று ஓணான் தலையை ஆட்டியது.

பல் விழுந்தபோது வராத வலி ஏகாம்பரத்துக்கு அப்போது வந்தது. ஓணான் போன பிறகு சுருண்டு படுத்துவிட்டான். பூரணி மென்று கொடுத்த கிழங்கைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை கழகத்தின் கொட்டகை நிரம்பி வழிந்தது. கரடி நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் இளமாறன்; மறுபக்கம் ஏகாம்பரமும் பூரணியும். பொன்னுரங்கமும் சாட்சி சொல்ல வந்து ஓரமாக நின்றார்.

“இந்த முயலைத் தெரியுமா?” என்று கரடி கேட்டார்.

இளமாறன் கொட்டாவி விட்டான். “யாரு இது? அன்னைக்குக் கால்ல ஏதோ பட்டுச்சு. மண்ணாங்கட்டின்னு நெனச்சேன்.”

கூட்டம் சிரித்தது. ஏகாம்பரம் துள்ளி எழுந்தான்.

“பொய்!” என்று கத்தினான். “அவரு என்னைப் பாத்தாரு! நின்னு, திரும்பி, என் மூஞ்சியை நல்லாப் பாத்துட்டுத்தான் உதைச்சாரு! என்னைன்னு தெரிஞ்சுதான் உதைச்சாரு!”

பூரணியின் கண் கலங்கிவிட்டது. புருஷனுக்கு ஒருவழியாக ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

இளமாறன் அப்போதுதான் முதல் முறையாக அந்த முயலை முழுசாகப் பார்த்தான். கண்ணில் நெருப்புப் பறந்தது. “டேய், உன் பேரு என்னடா?”

“ஏகாம்பரம்ணே.”

“ஞாபகம் வெச்சுக்கிறேன்டா.”

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பூரணியின் காதில், “பேரு கேட்டாருடி! ஞாபகம் வெச்சுக்கிறாராம்!” என்றான். அவள் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனுக்காக அழவில்லை.

கரடிக்கோ தர்மசங்கடம். உதைபட்டவனே வேண்டுமென்று உதைத்ததாகச் சொல்லிவிட்டான். இளமாறனைத் தண்டித்தால் இறுதி ஆட்டத்துக்கு ஈகூட வராது. யாரையும் தண்டிக்காவிட்டால் விசாரணைக்கு அழகில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். ஓரமாக நின்ற உடும்பு கண்ணில் பட்டார்.

“பொன்னுரங்கம், இங்க வாங்க. அன்னைக்கு நீங்க குழு வண்டியை விட்டீங்களா இல்லையா?”

“விட்டேங்க. இந்தத் தம்பியை வைத்தியத்துக்குத் தூக்கிட்டுப் போனேன்.”

“அதுக்கு முன்னால இவன்கிட்ட சிரிச்சுப் பேசினீங்களா?”

“பேசினேங்க.”

“சாப்ட்டியான்னு கேட்டீங்களா?”

“கேட்டேங்க.”

கரடி மேசையைத் தட்டினார். “அங்கதான் தப்பு! ஆட்டக்காரன்னா கிட்ட போகலாம், பேசலாம், கேட்டா குடுப்பான்னு இந்த அப்பாவிக்கு ஆசை காட்டினது நீங்க. நீங்க மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயிருந்தா, இவன் இளமாறன் பின்னால ஓடியிருப்பானா? இவன் பல்லு போனதுக்கு நீங்கதான் முழுப் பொறுப்பு. குழுவை விட்டு உங்களை நீக்கியாச்சு!”

நீதி கிடைத்துவிட்டதென்று கூட்டம் கைதட்டியது. ஏகாம்பரமும் தட்டினான், இளமாறன் தப்பித்ததில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

பூரணி மட்டும் வெளியே ஓடிப்போய்ப் பொன்னுரங்கத்தை நிறுத்தினாள். “அண்ணே, எங்களால உங்க பொழப்பே போச்சே. மன்னிச்சிடுங்கண்ணே.”

“நீ என்னம்மா பண்ணுவ” என்றார் அவர். “அவன் பசி தாங்கமாட்டான் போலிருக்கு. கிழங்கை வேகவெச்சுக் குடு. மெல்ல வேண்டியிருக்காது.”

அவர் ஆற்றைக் கடந்து வேறு காட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்ப யாரும் வரவில்லை.

இறுதி ஆட்டத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் குழு தோற்றது. ரசிகர்கள் நடுவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு நடந்ததுதான் பெரிய துயரம். பல்பொடி வியாபாரம் செய்யும் அணில் ஒன்று ஓணானை வந்து பார்த்தது. “இந்த வழக்குக்கு அப்புறம் பல்லுன்னாலே எல்லாருக்கும் இளமாறன் ஞாபகம்தான் வருது. அவரே நம்ம பல்பொடிக்கு விளம்பரம் பண்ணட்டும். ஒரே ஒரு நிபந்தனை, எங்க பார்த்தாலும் யாரைப் பார்த்தாலும் சிரிக்கணும்” என்றது. ஓணான் தலையை ஆட்டியது. இளமாறனும் பல்லைக் காட்ட ஆரம்பித்தான்.

இதற்கிடையே ஏகாம்பரத்துக்கு முன்பல் முளைக்கத் தொடங்கியது. முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அது கடவுள் கொடுத்த வரம். ஏகாம்பரத்துக்கோ அது இடியாக இறங்கியது. ஈறு மூட மூட, பார்க்க வருகிற கூட்டம் குறைந்தது. கடைசியில் வந்த ஓர் எலி, “எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதானே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

ஏகாம்பரம் மறுபடியும் பின்வாசலுக்குப் போனான். இந்தத் தடவை இலை கொண்டுபோகவில்லை. இளமாறன் வந்ததும் பின்னால் போய், முகத்தை வாகாகத் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றான்.

இளமாறன் திரும்பினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “அடடே, ஏகாம்பரமா! எப்படி இருக்கே தம்பி? வீட்ல சௌக்கியமா?” என்று கேட்டான். ஓணான் ஓர் இலையை நீட்ட, குளம்பின் நுனியால் அழகாகக் கையெழுத்துப் போட்டு, அவன் கையில் வைத்து, முதுகில் தட்டியும் கொடுத்தான்.

ஏகாம்பரம் நடைப்பிணமாக வீடு வந்து சேர்ந்தான்.

“என்னங்க, என்ன ஆச்சு?” என்றாள் பூரணி.

“போச்சு பூரணி. அவரு முன்ன மாதிரி இல்ல. கெட்டுப்போயிட்டாரு” என்று சொல்லி, இலையைக் குப்பையில் போட்டான்.

அவனுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நாளில் இளமாறனின் வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. குழுவில் புதிதாக ஒரு காட்டுப்பன்றி சேர்ந்திருந்தது. யார் அருகில் போனாலும் தேற்றைப் பல்லால் தூக்கி எறிந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டு, மொத்தக் கூட்டமும் அதன் வாசலுக்கு ஓடியது.

மறுநாள் ஏகாம்பரம் மீசையை நீவிக்கொண்டு கிளம்பினான். பூரணி தடுக்கவில்லை. ஒரு பெரிய கிழங்கை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“போறதுதான் போறீங்க, நல்லாக் கடிச்சுச் சாப்ட்டுட்டுப் போங்க. வரும்போது பல்லு இருக்குமோ இருக்காதோ.”

நீதி: கையால் போட்டால் அது வெறும் கையெழுத்து, காலால் போட்டால் அதுதான் தலையெழுத்து. ரசிகப் பெருமக்கள் பின்னதையே விரும்புவதால், வீரர்கள் வீணாகக் கையை வலிக்கச் செய்துகொள்ள வேண்டாம்.