தாத்தா படித்த புத்தகம்

காலை ஒன்பது மணி. ஒரு புத்தகம். கொடுப்பவர், சுப்பையா அண்ணாச்சி.

அன்றைய வேலை அவ்வளவுதான். தென்காசியில் பஸ் ஏறி, குற்றாலத்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், தருவதாகச் சொன்ன புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே அருவியில் ஒரு குளியல். 1958, நல்ல சாரல்.

பணத்தையும் வாணிபத்தையும் பற்றிய பழைய ஆங்கில நூல்களின் முதல் பதிப்புகளில் என் பத்திரிகைச் சம்பளத்தைத் தொலைத்துக்கொண்டிருந்த காலம். பணத்தைப் பற்றி எல்லாம் தெரியும். பணம்தான் கிடையாது.

வீட்டில் கூட்டம். அண்ணாச்சியின் மகளைத் தன் மகனுக்குப் பெண் பார்க்கப் புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார்.

"வாரும்வே, சரியான நேரத்துக்கு வந்தீரு!" அண்ணாச்சி என்னை நடுவில் உட்காரவைத்தார். "இவரு பேப்பர்ல எழுதுதவரு. எங்க தாத்தா புஸ்தகத்தத் தேடி வந்திருக்காரு. தாத்தா இத வரி விடாமப் படிச்சுத்தான் வியாபாரத்துல எறங்குனாக. புளியறை வழியா மலையாளத்துக்கு வண்டி வண்டியா மொளகா அனுப்புனாக!"

கமிஷன் கடைக்காரர் பக்தியோடு தலையாட்டினார். புத்தகம் என் கைக்கு வந்தது.

பிரித்தேன். பிரியவில்லை.

அந்தக் காலத்தில் அச்சடித்த தாளை மடித்தபடியே தைத்து விற்பார்கள். வாங்கியவர்தான் கத்தியால் மடிப்பை அறுத்துப் படிக்க வேண்டும். இதில் ஒரு மடிப்பும் அறுபடவில்லை! இப்படியொரு பிரதி கிடைத்தால் சேகரிப்பவனுக்குப் பித்துப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது.

"அண்ணாச்சி! இத ஒருத்தருமே படிக்கல!" என்று கத்திவிட்டேன்.

கமிஷன் கடைக்காரரின் தலையாட்டல் சட்டென்று நின்றது.

"என்னவே சொல்லுதீரு?" அண்ணாச்சியின் குரல் இறங்கியிருந்தது.

"படிக்காததுதான் விசேஷம், அண்ணாச்சி..." எனக்கான குழியை மேலும் தோண்டினேன்.

கமிஷன் கடைக்காரர் புத்தகத்தை வாங்கி, எலுமிச்சையை உருட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆமா, மடிப்பு மடிப்பால்லா இருக்கு. அப்போ தாத்தா எப்படிப் படிச்சாக?"

உள்ளறைக் கதவிடுக்கில் கல்யாணப் பெண்ணின் முகம். என்னைப் பார்வையாலேயே எரித்துக்கொண்டிருந்தது.

"எட்டிப் பாத்துத்தான்!" என்றேன். வேறு என்ன சொல்ல? மடிப்பைக் குழல்போல் விரித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை உள்ளே விட்டு, உலக வாணிபத்தைப் பற்றி இரண்டு வரி வாசித்துக் காட்டினேன். "அறுத்தா புஸ்தகம் கெட்டுப்போகும்னு பெரியவுக இப்படித்தான் படிப்பாக."

கமிஷன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, எழுத்து தெரியுதே!" என்றார்.

"இவ்ளோ பாடுபட்டா படிச்சாக!" கமிஷன் கடைக்காரர் உருகிப்போனார். "நமக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான்."

தட்டு மாற்றினார்கள். எனக்கும் கேசரி கிடைத்தது.

கிளம்பும்போது மெல்லக் கையை நீட்டினேன். "அண்ணாச்சி, புஸ்தகம்..."

"நல்லாருக்கே! தாத்தா ஒத்தக் கண்ணால படிச்ச புஸ்தகத்த வெளிய குடுப்பனாவே? மாப்பிள்ளைக்குச் சீரா வச்சிட்டேன். நீரு இன்னுங் கொஞ்சம் கேசரி சாப்பிடும்."

குளிக்காமலே பஸ் ஏறினேன்.

1964 ஆவணியில் புளியங்குடி போனபோது மாப்பிள்ளை அந்தப் புத்தகத்தைக் காட்டினார். தினமும் படிப்பதாகச் சொன்னார். ஒரு மடிப்பும் அறுபடவில்லை.