சங்கிலியில் நான்கு பூட்டுகள்

காலை ஆறே முக்காலுக்குத் தவராசா பூட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

இரும்புக் கேட்டைச் சுற்றி ஒரு சங்கிலி. சங்கிலியில் நான்கு பூட்டுகள், ஒன்றின் வளையத்தை மற்றொன்று பிடித்தபடி தொங்கின. எந்த ஒன்றைத் திறந்தாலும் சங்கிலி விழும், கேட் திறக்கும். அவரிடம் ஒரு பூட்டின் சாவிதான் இருந்தது. மற்ற மூன்றும் மற்றவர்களுடையவை. எண்ணெய் நான்குக்கும் விட்டார். துரு ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை.

கேட்டுக்குப் பின்னால் அரசுக் காடு. நகர ஓரத்து வெஸ்ட்கேட்டிலிருந்து வண்டியில் அரை மணி நேரம். அனுமதி வாங்கி, நடந்து போய், மானோ பன்றியோ சுடலாம். வண்டியில் போய்ச் சுடக் கூடாது. அதற்குத்தான் கேட். கேட்டுக்குத்தான் தவராசா.

எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு உள்ளே நடந்தார். ஓடையைத் தாண்டியதும் நின்றார். ஈர மண்ணில் டயர்த் தடம். அகலமான டயர். புதிய தடம்.

தன் வேனுக்குத் திரும்பி வந்து பிரசாத்தை அழைத்தார். பிரசாத் அவருடைய மேலாளர். தமிழ்நாட்டுப் பையன். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கேட்டை இன்னும் நேரில் பார்த்ததில்லை.

"அங்கிள், மறுபடியுமா?"

"ஓம் தம்பி."

"கேட் பூட்டித்தானே இருக்கு?"

"வடிவாப் பூட்டியிருக்கு. நானே இழுத்துப் பார்த்தனான்."

"அப்ப வண்டி என்ன, பறந்தா போச்சு?"

தவராசா காட்டைப் பார்த்தார். "அப்பிடித்தான் போல."

பிரசாத் பெருமூச்சு விட்டான். "மேல இருந்து என்னைப் போட்டு வறுக்கிறாங்க அங்கிள். இந்த மாசத்துக்குள்ள ஆளைப் பிடிக்கலைன்னா எலெக்ட்ரானிக் கேட் போட்டுடுவாங்க. அப்புறம் அங்க ஆள் வேண்டாம்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு வேலை இருக்கு, கவலைப்படாதீங்க. ஹென்டர்சன்ல பார்க்கிங் பில்டிங். கேமரா ரூம். மழை கிடையாது, குளிர் கிடையாது."

"அங்க ஆர் வருவினம்?"

"யாருமே வர மாட்டாங்க அங்கிள். நிம்மதியா இருக்கலாம்."

தவராசா நன்றி சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு, எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தார்.

அவர் மனைவி வசந்தமலர், மகளின் குழந்தையைப் பார்க்க மெல்பர்ன் போனவள். மூன்று மாதம் என்று போனாள். எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு மாலையும் அழைப்பாள். இரண்டு கேள்விகள் கேட்பாள்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"இண்டைக்கு ஆரோட கதைச்சனீங்கள்?"

முதல் கேள்விக்குப் பொய் சொல்ல முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் வேண்டும். பெயரைச் சொன்னால், அவர் என்ன சொன்னார் என்று அடுத்துக் கேட்பாள்.

இந்தக் கேட்டுக்கு மாற்றலான பிறகு அவரிடம் பெயர்கள் இருந்தன.

மரே, தேன்பெட்டிக்காரர். பின்பக்கம் தார்ப்பாய் மூடிய ட்ரக்கில் வருவார். ராஸ், மின்கம்பி பார்க்கிறவர். இருவரும் தங்கள் தங்கள் பூட்டைத் திறந்து உள்ளே போவார்கள். போகும்போதும் வரும்போதும் நின்று பேசுவார்கள். தவராசா என்ற பெயரை இரண்டு நாள் முயன்றுவிட்டு 'டேவ்' ஆக்கிக்கொண்டார்கள். மரே ஒருமுறை ஒரு போத்தல் தேன் தந்தார். மூடியில் விலைச்சீட்டைச் சுரண்டிய அடையாளம் இருந்தது. தவராசா அதைத் தீராதபடி மெல்ல மெல்லச் சாப்பிட்டார்.

இதற்கு முன்பு அவர் வேலை பார்த்தது ஒரு பைன் மரத் தோட்டத்தில். அந்தக் கேட்டில் ஒரு டசின் பூட்டுகள் கோத்திருப்பார்கள். தீயணைப்புக்கு ஒன்று, தண்ணீர்க்காரருக்கு ஒன்று, பக்கத்துப் பண்ணைக்கு ஒன்று. முதல் நாளே அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னார்: "அடுத்தவன் பூட்டைத் தொடாதே. அவனவன் அனுமதி அவனவனுக்கு." தவராசா அதை மறக்கவில்லை.

ஆனால் இந்தச் சங்கிலியின் நான்காவது பூட்டுக்கு உரியவரை அவர் பார்த்ததே இல்லை.

"மலர், கள்ளப் பூட்டு ஒண்டு கிடக்குது," என்றார் அன்று மாலை.

"அப்ப வெட்டி எறியுங்கோவன்."

வெட்டினார்.

மறுநாள் காலை கேட்டில் ஒருவர் நின்றார். கழுத்தில் பைனாகுலர். முகத்தில் துக்கம்.

"என் பூட்டு எங்கே, மேட்?"

"நீங்கள் ஆர்?"

"கெவ். பறவை எண்ணுகிறவன்." அவர் தன் பூட்டு தொங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "எத்தனை வருசமா எண்ணுறேன். இப்படி யாரும் என்னை அவமானப்படுத்தினதில்லை."

தவராசாவுக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே வெஸ்ட்கேட் போய், இருந்ததில் நல்ல பூட்டாக ஒன்று வாங்கி வந்து, தன் கையாலேயே சங்கிலியில் கோத்தார். சாவிகளை இரண்டு கையாலும் கொடுத்தார். கெவ் மன்னித்தார். அடுத்த வாரம் அடிக்கடி வந்தார்.

அடுத்த வாரம் ஓடைக்கு அப்பால் தடங்களும் கூடின.

தவராசா நண்பர்களிடம் யோசனை கேட்டார். மூவரும் அக்கறையோடு கேட்டார்கள். தாங்கள் ஒருபோதும் ஓடையைத் தாண்டுவதில்லை என்று முதலில் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"வடக்கு வேலியைப் பார், டேவ்," என்றார் ராஸ். "நானா இருந்தா அந்தப் பக்கம்தான் வருவேன்."

"கேட்டுக்கு ஒரு கேமராவும் வை," என்றார் மரே. "நான் கட்டித் தர்றேன். அந்த மரம் நல்லது. வெயில் படாது."

மரே கேமராவைக் கட்டினார். தவராசா வடக்கு வேலியில் போய் உட்கார்ந்தார். ஒரு வாரம் உட்கார்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி. ஒருவரும் வரவில்லை.

"இண்டைக்கு ஆரோட கதைச்சனீங்கள்?"

"ஒரு மாடு."

"மாட்டோட என்ன கதை?"

"அது ஒண்டும் கதைக்கேல்ல. நான்தான் கதைச்சனான்."

பின்னால் குழந்தை அழுதது. "வைக்கிறன் என்ன," என்றாள் வசந்தமலர்.

வார முடிவில் பிரசாத் அழைத்தான். "கேமரா பார்த்தேன் அங்கிள். ஏழு நாளும் ஒரே ஒரு பறவை. நீலக் கலர். வருது, போகுது."

"வாகனம்?"

"கேட்டே தெரியல. உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

போய்ப் பார்த்தார். ஓடைக்கரை உழுத வயல் போலக் கிடந்தது.

கேட்டுக்குத் திரும்பினார். மரே வந்தபோது அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஆயுத பூசை வந்தது. வீட்டில் பூசை வைக்க அவரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான் இருந்தார்கள். அதனால் சந்தனம், குங்குமம், ஒரு டப்பாவில் கடலைச் சுண்டல் எல்லாவற்றையும் கேட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கு பூட்டுகளையும் துடைத்தார். நான்குக்கும் பொட்டு வைத்தார். கற்பூரம் காற்றில் மூன்று முறை அணைந்தது.

மரே ட்ரக்கிலிருந்து இறங்கிப் பார்த்தார். "இது என்ன, டேவ்?"

"தொழில் சாமானுக்கு நன்றி சொல்லுற நாள். எங்கட வழக்கம்."

"என் பூட்டுக்குமா?"

"பூட்டில என்ன உங்கட, எங்கட? கள்ளன் வராமல் காக்கிறது எல்லாம்தானே."

மரே தொப்பியைக் கழற்றினார். சுண்டலை வாங்கிக்கொண்டார். பிறகு ட்ரக்கிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினார். மான் இறைச்சி சாசேஜ். மச்சான் கொடுத்தது என்றார். தவராசா சைவம். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தார். அவ்வப்போது திறந்து பார்த்தார். அந்தத் தேனுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த ஒரே பரிசு அது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் அவர் ஓடை வரை போனார். தடங்கள் உள்ளே போயிருந்தன. வெளியே வரவில்லை.

கள்ளன் உள்ளே இருக்கிறான்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். வேனிலிருந்து தடித்த சங்கிலி ஒன்றை எடுத்து, கேட்டையும் தூணையும் சேர்த்துச் சுற்றி, புதுப் பூட்டு ஒன்றைப் போட்டார். இனி யார் எந்தச் சாவியைப் போட்டாலும் கேட் அசையாது. வேனில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஹாரன் கேட்டது.

ராஸ்.

பின்னாலேயே கெவ். அதற்குப் பின்னால் மரே, தார்ப்பாயோடு. மூன்று ட்ரக்கும் கேட்டுக்கு உள்பக்கம் வரிசையாக நின்றன.

"ஐயோ, நீங்களுமோ?" தவராசா தலையில் கைவைத்தார். "மன்னிக்கவேணும். உங்களை நினைக்கவேயில்லை. அவனைப் பிடிக்கத்தான் போட்டனான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல யோசனை, டேவ்," என்றார் ராஸ் மெதுவாக. "எங்களை மட்டும் விட்டுடு."

"திறந்தால் அவனும் பாய்ஞ்சு வந்திடுவான். கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் மூண்டு பேர் நிண்டால் எனக்குப் பெலம்."

மூவரும் ட்ரக்கை விட்டு இறங்கினார்கள். தவராசா கேட்டின் மேல் ஏறி உள்ளே குதித்தார். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். மரேயின் ட்ரக்கில் சாயப் போனபோது மரே தடுத்தார்.

"தேனீப் பெட்டி இருக்கு, மேட். கொட்டிடும்."

"சத்தமே இல்லை?"

"தூங்குது."

தவராசா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நால்வரும் கெவ்வின் பம்பர் ஓரமாக நின்றார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினார்கள். மரேயின் மனைவி பிரிந்து போய் இரண்டு வருடம் என்று அன்றுதான் தெரிந்தது. மாலை மலர் கேட்டால் மூன்று பெயர் சொல்லலாம் என்று தவராசா நினைத்துக்கொண்டார். கள்ளன் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

கள்ளன் நடந்து வந்தான். முப்பது வயதிருக்கும். தோளில் துப்பாக்கி, முதுகில் பெரிய பை, முழங்கால் வரை சேறு.

"அதோ!" என்றார் கெவ். தேவைக்கு அதிகமாகவே சத்தமாக.

தவராசா முன்னால் போய் ஆங்கிலத்தில் அதட்டினார். "பெயர் என்ன?"

"சுலக்ஷன்."

தவராசா ஒரு கணம் தடுமாறினார். "தமிழோ?"

"ஓம் அங்கிள்."

"வெக்கமாயில்லையோ? உன்ர வாகனத்தை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

"ரோட்டில நிக்குது, அந்த வெள்ளைக் கார். நான் நடந்துதான் போனனான். பெர்மிட் இருக்கு. உள்ள நடக்கிறதே பெரிய பாடு அங்கிள், ஒரே—"

"டேவ்!" என்று ராஸ் குறுக்கிட்டார். "பேச்சு கொடுக்காதே. உன் மேலாளரைக் கூப்பிடு. ஆனா முதல்ல எங்களைத் திறந்து விடு."

தவராசா முதலில் அழைத்தார். பிரசாத்தின் குரல் துள்ளியது. "பிடிச்சுட்டீங்களா! பக்கத்துலதான் இருக்கேன், இதோ வர்றேன். யாரையும் விடாதீங்க!"

"மேலாளர் வாறார்," என்றார் தவராசா பெருமையாக. "உங்களையும் அறிமுகப்படுத்துறன். நீங்கள்தான் சாட்சி."

மரேயின் முகம் மாறியது. "டேவ், தேனீ. வெயில்ல செத்துடும்."

வானம் முழுக்க மேகம். ஆனாலும் மரேயின் குரலில் இருந்த பதற்றம் உண்மையானது. தவராசா சங்கிலியைத் திறந்தார்.

ராஸ் போனார். கெவ் போனார். மரே மட்டும் ட்ரக்கை நிறுத்தி, கையை வெளியே நீட்டி, தவராசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லவன், டேவ்."

"திங்கட்கிழமை காண்பம்."

மரே தலையசைத்தார். ட்ரக் போய்விட்டது. மூவரில் ஒருவருடைய போன் நம்பரும் தன்னிடம் இல்லை என்பது தவராசாவுக்கு அப்போதுதான் தோன்றியது.

பிரசாத் வந்தான். சுலக்ஷனின் பெர்மிட்டைப் பார்த்தான். ரோட்டோரம் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தான். "ஸாரி பிரதர், உங்க மேல தப்பில்ல," என்றான். பிறகு கேட்டுக்குப் போய்ப் பழைய சங்கிலியைக் கையில் தூக்கினான். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு தம்பி," என்றார் தவராசா அருகில் வந்து. "இது எங்கட. இது தேன்காரருடையது. இது மின்கம்பிக்காரருடையது. இது பறவை எண்ணுறவருடையது, நானே வாங்கிக் குடுத்தனான். எல்லாத்துக்கும் எண்ணெய் விடுறனான்."

சுலக்ஷன் காட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பிரசாத் நான்கு பூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"அங்கிள், இந்தக் காட்டுக்குள்ள வண்டி கொண்டுபோக வேற யாருக்குமே அனுமதி கிடையாது, இந்தச் சங்கிலியில இருக்க வேண்டியது நம்ம பூட்டு ஒண்ணுதான், மத்த மூணுக்கும் பொட்டு வெச்சது யாரு?"