சி.ஐ.டி. கிராணி நட்ட கந்தன் பூ

பினாங்குத் தீவிலேயே தன் நிழலைக்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் சி.ஐ.டி. கிராணிதான். துறைமுக ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை; சி.ஐ.டி. பட்டம் எங்கள் தெரு கொடுத்தது. தபால்காரர் சிரித்தால், கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டார் என்பார். சிரிக்காவிட்டால், எதையோ மறைக்கிறார் என்பார். பினாங்கில் பிறந்து, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸான லக்சாவைத் தின்னாத ஜென்மம்! "மீனைக் கரைச்சு ஊத்துறான். என்ன மீனுன்னு நீ பாத்தியா?"

இவர் வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்? பாவம், அவர் மனைவி பாக்கியம் அக்கா, பேச ஆளில்லாமல் தவித்தார். எண்பதுகளில் ஒருநாள், வீட்டு முன்னால் முருங்கை வைக்கலாமா என்று கேட்டார்.

"முருங்கையா? கீரை கேட்டுத் தெருவே வந்து நிக்கும்லா!"

"வரட்டுமே. நாலு சனம் வந்தா என்ன?"

அதிலேயே கிராணிக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. தின்ன முடியாத பூமரம்தான் வேண்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாம் நாற்றுக்கடைக்குப் போனார். அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒன்று நின்றது. பேர் கேட்டார். கடை முதலாளியான சீனத் தவுக்கே, "புங்கா காந்தான்" என்றார். மலாயில் புங்கா என்றால் பூ. மிச்சம் நம் கிராணி காதில் 'கந்தன்' என்று விழுந்தது.

"கந்தன் பூவா! சாமி பூவை எவன் தின்பான்?" வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை நம்பி வாங்கினார். பசாருக்குப் போகும்போதெல்லாம் திருட்டுத்தனமாக லக்சா சாப்பிடும் அக்கா, வாயே திறக்கவில்லை.

மொட்டு விட்டது. முதலில் பின்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், பூக் கேட்டு வந்தார். அப்புறம் சீனத்து ஆன்ட்டி. அப்புறம் எங்கள் தெருவே வந்தது. கிராணி என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, உண்மைய சொல்லு. கந்தன் பூவ எதுக்கு கேக்குறாங்க?"

"அண்ணே, அது லக்சாவுல அரிஞ்சு போடுறதுலா!"

முகம் செத்துவிட்டது. வெட்டிச் சாய்க்கிறேன் என்று பாராங்கத்தியோடு பாய்ந்தார். ஐயோ, தொலைந்தது என்று நான் பின்னாலேயே ஓடினேன். வேலியோரம் அக்கா அந்தப் பெண்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கிராணி அப்படியே நின்றார். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை வருஷமோ!

"தள்ளுங்க, நானே வெட்டித் தரேன். உங்கள நம்பி விட்டா வேரோட புடுங்கிடுவீங்க" என்று ஆளுக்கொரு மொட்டு நறுக்கிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் லக்சா வைக்கத் தெரியாது. ஆனாலும் வாராவாரம் போய்ப் பூக் கேட்பேன். "உனக்கு எதுக்கு?" என்று கண்ணை இடுக்கி முறைப்பாரே, அதைப் பார்க்காவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது.